சீட்டியின் வாரிசுகள்

பிப்ரவரி 3

அக்காவுக்கு,

ஞாயிறு இதழில் உன் புதுப் புத்தகத்திலிருந்து ஒரு பகுதி வந்திருந்தது. முடிவெட்டும் கடையில் எனக்கு முன்னால் இருந்தவர் அதைப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் எழுந்து போனதும் எடுத்துப் பார்த்தால், மேலே உன் படம். கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, இசை உலகத்தின் வியாபார ரகசியம் எல்லாம் தெரிந்துவிட்ட முகத்தோடு.

"ஃபோனில் நம்மைக் காத்திருக்க வைக்கும்போது ஒலிப்பது இசையே இல்லை, குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்னால் வரும் காற்று. அதைச் செய்கிறவர்களும் அதைக் கேட்பதில்லை" என்று எழுதியிருக்கிறாய். நல்ல வரி. முடிவெட்டுகிறவருக்கும் வாசித்துக் காட்டினேன், ரசித்தார். அப்போது அவர் கையில் இருந்த தலை அந்தக் காற்றைச் செய்கிறவனின் தலை என்று நான் சொல்லிக்கொள்ளவில்லை.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று ஒரு நாளாவது கேட்டிருக்கிறாயா? எந்தக் கம்பெனி எந்தப் பாடகரை எப்படி ஏமாற்றியது என்பதெல்லாம் உனக்கு அத்துப்படி. சொந்தத் தம்பி மட்டும் ஏதோ சவுண்டு வேலை செய்கிறான். சொல்கிறேன், கேள். பின்னறைச் சுவரெல்லாம் பழைய மெத்தையைக் கிழித்து ஆணியடித்து வைத்திருக்கிறேன். அதற்குள் உட்கார்ந்து, காத்திருக்கிறவர்களுக்கு இசை செய்கிறேன். அதற்குத் தொடக்கம் இருக்கக் கூடாது. யார் எப்போது வந்து சேர்வார்கள் என்று தெரியாது. முடிவும் இருக்கக் கூடாது. மேளம் கூடாது, கேட்கிறவருக்குக் கோபம் ஏறும். ரொம்பப் பிடித்துப்போகவும் கூடாது. பிடித்துவிட்டால் எவ்வளவு நேரம் காத்திருந்தோம் என்பது மனதில் நின்றுவிடும். இதை ஒரு தடவை செய்து பார்த்துவிட்டு அப்புறம் குழாயைப் பற்றி எழுது.

அப்பா நன்றாக இருக்கிறார். பக்கவாதம் வந்ததிலிருந்து வாய் ஒரு பக்கம் இழுத்தபடிதான் இருக்கிறது, பேச்சு மெதுவாக வருகிறது. தினமும் மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் மின்சார அலுவலகத்தின் புகார் எண்ணைக் கூப்பிடுகிறார். வீட்டில் மின்சாரத்துக்கு ஒரு குறையும் இல்லை. ஏன் கூப்பிடுகிறார் என்று நான் சொல்லப்போவதில்லை. எண்ணைக் கீழே எழுதியிருக்கிறேன், நீயும் கூப்பிட்டுப் பார். என்னைக் கூப்பிடாதே. நாள் முழுக்க ஃபோனுக்கு இசை போடுகிறவனுக்கு ஃபோன் மணி கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது. எழுது.

தம்பி

பிப்ரவரி 10

டேய் கோபக்காரா,

செய்கிறவர்களும் கேட்பதில்லை என்ற வரியை எடுத்துவிட்டேன். குழாய் இருக்கட்டும், எனக்குப் பிடித்திருக்கிறது. நீ என்ன செய்கிறாய் என்று நான் கேட்டதே இல்லை என்பது அபாண்டம். கேட்கும்போதெல்லாம் "ஏதோ ஓடுது" என்றுதான் சொல்வாய். அதைப் புத்தகத்தில் எப்படிப் போடுவது?

நீ கொடுத்த எண்ணைக் கூப்பிட்டேன். இங்கே ஒரு வாரமாகப் பனிமூட்டம். எதிர் வீடு இருக்கிறதா போய்விட்டதா என்று தெரியவில்லை. மேசை முழுக்க அச்சுப் பிரதியைப் பரப்பி வைத்துக்கொண்டு, ஒரு கையில் சிவப்புப் பேனா, ஒரு கையில் ஃபோன். எல்லா அலுவலர்களும் வேறு அழைப்பில் இருக்கிறார்கள் என்று ஒரு குரல் மன்னிப்புக் கேட்டது. அப்புறம் உன் இசை வந்தது.

சும்மா சொல்லக் கூடாது, முதலில் நான் கேட்கவே இல்லை. திருத்திக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் பேனா நின்றுவிட்டது. எங்கிருந்தோ வருகிற மாதிரியும் எனக்குள்ளேயே இருக்கிற மாதிரியும் இருந்தது. நடுவில் இசை நின்றது. லைன் போய்விட்டது என்று நினைத்தேன். திரும்பத் தொடங்கியது. கொஞ்சம் போய், மறுபடி நின்றது. அப்படி நின்றபோது என் இடது கால் தானாகத் தரையை அழுத்தியது தம்பி. ஏன் அழுத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை. கீழே குனிந்து காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் புரிந்தது, அது கிளட்ச்.

அப்பா சீட்டியடித்துக்கொண்டே பஸ் ஓட்டுவார். கியர் மாற்றும்போது மட்டும் சீட்டி நிற்கும். விடுமுறை நாளில் நாம் இரண்டு பேரும் முன் சீட்டில் உட்கார்ந்து, அவர் காலைப் பார்த்துப் பார்த்து நாமும் தரையை மிதிப்போம். இத்தனை வருடம் அதை நான் நினைத்ததே இல்லை. என் காலுக்கு ஞாபகம் இருந்திருக்கிறது.

அதற்குள் ஒரு பெண் எடுத்து என்ன புகார் என்று கேட்டாள். "ஒண்ணுமில்லம்மா" என்றேன். அழுகிற குரலில் சொல்லியிருப்பேன் போல. மின்சாரம் சீக்கிரம் வந்துவிடும் என்று சமாதானம் சொன்னாள்.

இதை எப்போது செய்தாய்? அப்பாவுக்குத் தெரிந்துதான் கூப்பிடுகிறாரா? உன் அறையில் உட்கார்ந்து கேட்காமல் ஏன் புகார் எண்ணைக் கூப்பிட வேண்டும்? எல்லாவற்றையும் எழுது. "ஏதோ ஓடுது" என்று எழுதினால் நேரில் வந்து உதைப்பேன்.

அக்கா

பிப்ரவரி 18

அக்கா,

உதைக்கவாவது வா. நீ வந்து எத்தனை நாளாயிற்று.

அப்பா மருத்துவமனையிலிருந்து வந்த சமயம் எனக்குக் கை ஓடவில்லை. அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வாயைக் குவித்துப் பார்ப்பார், வெறும் காற்று வரும். அதைப் பார்க்க முடியாமல் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். அப்போது செய்ததுதான் இது. செய்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது, ஏற்கெனவே காதில் இருந்தது. அவர் நிறுத்துகிற இடத்தில் நானும் நிறுத்தினேன். எனக்கு வேலை கொடுக்கிற கம்பெனிக்காரர்கள், அந்த இடைவெளியை அடை, ஜனங்கள் லைன் அறுந்துவிட்டதென்று ஃபோனை வைத்துவிடுகிறார்கள் என்றார்கள். புகார் குறையும், நல்லதுதானே என்றேன். சிரித்துவிட்டு விட்டுவிட்டார்கள்.

அப்பாவிடம் நான் சொல்லவில்லை. ஒரு நாள் மின்சாரம் போனது, நான் கடைக்குப் போயிருந்தேன். அவரே கூப்பிட்டிருக்கிறார். திரும்பி வந்து பார்த்தால், ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு பாதி முகத்தால் சிரித்துக்கொண்டிருந்தார். மறுபடி ஏதோ ஆகிவிட்டது என்று எனக்கு உயிரே போய்விட்டது. அன்றிலிருந்து தினமும் கூப்பிடுகிறார். சீக்கிரம் எடுத்துவிட்டால் கோபம் வருகிறது. அந்த அலுவலகம் திறமையாக நடக்கிற நாளெல்லாம் இவருக்குக் கெட்ட நாள்.

பின்னறைக்குக் கூட்டிப் போய்ப் பெரிய ஸ்பீக்கரில் போட்டும் காட்டினேன். கொஞ்சம் கேட்டார், வேண்டாம் என்று கையை ஆட்டினார். ஃபோன்தான் வேண்டும். இரண்டும் ஒரே இசைதானே அப்பா என்றேன். மெதுவாகச் சொன்னார்: "அதுல பின்னால ஆளுங்க இருக்காங்கடா."

அதற்குப் பிறகு எனக்கும் அப்படியே தோன்ற ஆரம்பித்துவிட்டது. ஊரெல்லாம் இருட்டான வீடுகளில், கடைகளில், காதில் ஃபோனை வைத்துக்கொண்டு எத்தனையோ பேர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருக்கிறார்கள். ஒருவரை ஒருவர் தெரியாது. எல்லாரும் ஒரே வண்டியில் போய்க்கொண்டிருக்கிறார்கள். அப்பா ஓட்டுகிறார்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இதை எழுதாதே. நான் அந்தக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்த ஒப்பந்தத்தில் இது முழுக்க என் சொந்தக் கற்பனை, வேறு யாருக்கும் இதில் உரிமை இல்லை என்று இருக்கிறது. அந்த வரி எவ்வளவு பொல்லாதது என்று நீதான் இரண்டாவது புத்தகத்தில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய். சத்தம் போடாமல் இருந்துவிட்டால் எல்லாருக்கும் நல்லது.

தம்பி

பிப்ரவரி 19

தம்பி,

உன் பதில் இன்னும் வரவில்லை. பொறுக்க முடியாமல் எழுதுகிறேன்.

இப்போதெல்லாம் நானும் மத்தியானத்தில் கூப்பிடுகிறேன். அப்பாவும் அதே நேரம் காத்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். பனி ஜன்னலில் வந்து ஒட்டிக்கொள்கிறது. கண்ணை மூடினால் அறை மெதுவாக நகர்கிறது, மேசை நகர்கிறது, வளைவுகளில் நான் ஒரு பக்கமாகச் சாய்கிறேன். கதவைத் தட்டினால்கூட எழுந்து போக மனம் வருவதில்லை. இசையைப் பற்றி இத்தனை காலம் எழுதியும், இப்படிக் கேட்டது எப்போது என்று தெரியவில்லை. ஒரு பாட்டைக் கேட்டால் உரிமை யாருக்கு, கையெழுத்து யாருடையது என்றுதான் என் புத்தி போகும். இது ஒன்றில்தான் போகவில்லை.

பிறகு இதிலும் போய்விட்டது, என்ன செய்வது. ஒரு ஓட்டுநரின் சீட்டி அவருக்குத் தெரியாமல் ஒரு கம்பெனியின் சொத்தாகிறது. அவர் அதைத் திரும்பக் கேட்க வேண்டுமானால் வரிசையில் காத்திருக்க வேண்டும். என் புத்தகத்தின் கடைசி அத்தியாயம் இதுதான் தம்பி. இந்தப் புத்தகம் முழுவதும் இதற்காகவே எழுதியது போல இருக்கிறது.

பயப்படாதே, ஒரு வரிகூட அச்சுக்குப் போகவில்லை. உன்னைக் கேட்காமல் போகாது. எப்போதும் செய்கிறதை மட்டும் செய்திருக்கிறேன். எதிர்த் தரப்பைக் கேட்காமல் நான் எதையும் எழுதுவதில்லையே. மின்சார அலுவலகத்தில் விசாரித்து, அவர்களுக்கு இந்த இசையைக் கொடுக்கிற கம்பெனிக்கு ஒரு சின்னக் கடிதம் போட்டேன். இந்த இசையின் மூலம் ஒரு பேருந்து ஓட்டுநரின் சீட்டி என்று அறிகிறேன், இதற்கு உரிமையாளர் யார், உங்கள் விளக்கம் என்ன, அவ்வளவுதான். உன் பேச்சையே எடுக்கவில்லை.

அக்கா

மார்ச் 3

அக்கா,

நின்றுவிட்டது.

மின்சார அலுவலகம், தண்ணீர் அலுவலகம், அது ஓடிக்கொண்டிருந்த எல்லா லைனிலும் எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது ஒரு மணி டிங் டிங் என்று அடிக்கிறது. என் பேச்சை எடுக்கவில்லையாம். அந்த இசையைச் செய்தது யார் என்று அவர்களுக்குத் தெரியாதா? கம்பெனி வக்கீல் என்னைக் கூப்பிட்டார். குரல் ரொம்ப மரியாதை. ஓட்டுநர் யார் என்று கேட்டார். தெரியாது என்றேன். யோசித்துச் சொல்லுங்கள், அதுவரை உங்கள் மற்ற வேலைகளையும் நிறுத்தி வைக்கிறோம் என்றார்.

அப்பா வழக்கம்போலக் கூப்பிட்டார். காதிலிருந்து எடுத்து ஃபோனைப் பார்த்தார். துண்டால் துடைத்துவிட்டு மறுபடி கூப்பிட்டார். அப்புறம் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: "வண்டி நின்னுடுச்சா?"

நான் என்ன சொல்லட்டும்? அக்கா ஒரு கேள்வி கேட்டாள், அதனால் நின்றுவிட்டது என்றா? உன்மேல் எனக்கு வருகிற ஆத்திரத்தை எழுத எனக்குப் பழக்கமில்லை, அது உன் தொழில். யார் வீட்டுக் கதையிலும் மூக்கை நுழைத்து யாருடையது யாருடையது என்று கேட்டுக்கொண்டே இரு. அவர் இப்போது ஃபோன் பக்கமே போவதில்லை. சாப்பிட்டதும் படுத்துவிடுகிறார். எழுப்பினால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

தம்பி

மார்ச் 9

தம்பி,

எழுதாதே என்று நீ சொன்ன கடிதம் என் கைக்கு வருவதற்கு முன்பே கம்பெனிக்குப் போட்டுவிட்டேன். அதைச் சொல்லித் தப்பிக்கப் பார்க்கவில்லை. உரிமையில் சந்தேகம் என்று ஒரு கடிதம் வந்தால், கம்பெனிகள் முதலில் இசையை நிறுத்தும், பிறகுதான் விசாரிக்கும். இதை நானே எழுதியிருக்கிறேன், எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அப்பா விஷயத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை. வண்டி நின்றுவிட்டதா என்று அவர் கேட்ட வரியைத் தினமும் எடுத்துப் படிக்கிறேன்.

இனி என்ன செய்யலாம் என்று சொல்கிறேன். இந்த ஒன்றாவது எனக்கு உருப்படியாகத் தெரியும்.

அது தன் சீட்டி என்று அப்பா எழுதிக் கொடுக்கலாம். அவர் எந்தக் காகிதத்திலும் கையெழுத்து போட்டதில்லை. சட்டம் அவர் பக்கம் நிற்கும். இசை நமக்குத் திரும்பி வரும், பிறகு யாராலும் தொட முடியாது. ஆனால் எந்த லைனிலும் ஓடாது, நம் வீட்டில்தான் இருக்கும். நீ உன்னுடையது அல்லாததை விற்றவன் என்று ஆகிவிடும். அந்தக் கம்பெனி மட்டும் அல்ல, வேறு யாரும் உனக்கு வேலை தர மாட்டார்கள்.

இல்லையென்றால் அது மகனுடையதுதான், எனக்கு அதில் பாத்தியதை இல்லை என்று எழுதிக் கொடுக்கலாம். உன் வேலை தப்பிக்கும். லைனில் மறுபடி ஓடும். ஆனால் அது என்றைக்கும் கம்பெனியுடையது. அப்பாவின் பெயர் அதில் எங்கேயும் இருக்காது.

ஒளிக்காமல் சொல்கிறேன், முதலாவது என் புத்தகத்துக்கு நல்லது. அதனால் நான் தீர்ப்புச் சொல்லக் கூடாது. நீயும் சொல்லாதே, நீ அவருக்காக உன் வேலையை விட்டுவிடுவாய் என்று எனக்குத் தெரியும். இந்தக் கடிதத்தை அவருக்கு ஒரு வார்த்தை விடாமல் வாசித்துக் காட்டு. அவர் சொல்வதை அப்படியே எழுது.

அக்கா

மார்ச் 17

அக்கா,

வாசித்துக் காட்டினேன். பாத்தியதை என்ற இடத்தில் நிறுத்தி, உரிமை என்று விளக்கமும் சொன்னேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், தூங்கிவிட்டாரோ என்று நினைத்தேன். பிறகு நடுநடுவே நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அப்படியே எழுதுகிறேன்.

"வண்டி ஓட்டும்போது எனக்கு வாய் சும்மா இருக்காது. என்ன வந்துச்சுன்னு எனக்கே தெரியாது. பெரியவ ஏறி உக்காந்ததும் கேப்பா, இந்த பஸ் யாருதுப்பான்னு. இந்த ரோடு யாருது, அந்த மரம் யாருதுன்னு இறங்குற வரைக்கும் கேட்டுட்டே வருவா. சின்னவன் ஒண்ணும் கேக்க மாட்டான், காதை மட்டும் கொடுத்திருப்பான். நான் அடிச்சேன், போயிடுச்சு. அவன்தான் வச்சிருந்தான். அப்ப அது அவனுது."

அப்பா, இது போனால் திரும்ப வராது என்றேன். கம்பெனிக்காரன் நாளைக்கே நிறுத்தினாலும் நாம் ஒன்றும் கேட்க முடியாது என்றேன். அதற்கு, வீட்டுக்குள் வைத்துப் பூட்டி என்ன செய்வது, பின்னால் ஆள் இல்லாமல் ஓட்டுவதற்கா என்றார். பிறகு காகிதத்தைக் கொண்டுவா என்று கையை நீட்டினார். உன்மேல் கோபமா என்று கேட்டேன். அவள் கேட்காவிட்டால்தான் எனக்கு உடம்பு சரியில்லையோ என்று தோன்றும் என்றார்.

வக்கீலிடம் போய்ச் சொன்னேன். ஓட்டுநர் என் அப்பா என்றதும் அவர் முகமே மாறிவிட்டது, அவருடைய அப்பாவும் வண்டி ஓட்டியவராம். இருந்தாலும் சட்டம் சட்டம்தான். பத்திரம் தயாரித்துக் கொடுத்தார். அப்பா வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு கையெழுத்து போட்டுவிட்டார். ஆனால் அது போதாது அக்கா. நாளைக்கு வாரிசு யாராவது வந்து கேட்கக் கூடாதாம், அதனால் நீயும் போட வேண்டும். அதோடு இது எங்கிருந்து வந்தது என்று எங்கேயும் எழுதவோ பேசவோ மாட்டேன் என்றும் ஒரு வரி இருக்கிறது. உனக்காகவே சேர்த்த வரி.

உன் பிரதியை இதோடு வைத்திருக்கிறேன். இது நீ வாழ்நாள் முழுக்க எதைப் போடாதே என்று எல்லாருக்கும் சொன்னாயோ அதே காகிதம். உன் கடைசி அத்தியாயமும் இதோடு போகிறது. நீ போடாவிட்டால் நான் ஏன் என்று கேட்க மாட்டேன், சத்தியமாக. அப்பாவிடம் ஏதாவது சொல்லிக்கொள்கிறேன்.

தம்பி

மார்ச் 25

தம்பி,

பத்திரம் வந்து சில நாளாக மேசைமேல் கிடந்தது. அச்சுப் பிரதியை அதன்மேல் வைத்தேன், பிறகு பத்திரத்தை எடுத்து மேலே வைத்தேன். "எக்காலத்திலும்", "எவ்வகையிலும்", "எவர் மூலமாகவும்" என்று எல்லாம் இருக்கிறது. நல்ல வக்கீல்தான், ஒரு ஓட்டைகூட விடவில்லை. தேடிப் பார்த்தேன், பழக்கதோஷம்.

என்னிடம் எத்தனையோ பாடகர்கள் இப்படி ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து காட்டியிருக்கிறார்கள். போடாதீர்கள் என்பேன். அப்படியும் போட்டவர்களைப் பார்த்து, உங்களுக்குப் பயம் என்பேன், ஏமாளி என்பேன். சிலர் என்னைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். அந்தச் சிரிப்பை அப்போது எழுதிக்கொள்ளாமல் விட்டுவிட்டேனே என்று இருக்கிறது.

பதிப்பாளரிடம் கடைசி அத்தியாயம் கிடையாது, அதற்கு முந்தியதோடு முடிந்துவிட்டது என்று சொன்னேன். முடிந்த மாதிரி இல்லையே என்றார். அவர் சொல்வது உண்மைதான். வாசகர்கள் கொஞ்சம் திட்டட்டும்.

இன்று காலையில் பனி விலகியிருந்தது. உட்கார்ந்து கையெழுத்து போட்டேன். சாட்சிக்கு ஆள் வேண்டுமே, கீழ் வீட்டில் வைத்தியம் பார்க்கிற பல் டாக்டரைக் கூப்பிட்டேன். கையுறையைக் கழற்றிவிட்டு மாடிக்கு வந்தார். என்ன பத்திரம் என்று கேட்டார். அப்பாவின் சொத்தில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். பேனாவைத் திறந்தவர் அப்படியே நிமிர்ந்து பார்த்தார்.

"நல்லா யோசிச்சீங்களாம்மா? சொத்து பெரிசா?"

"பெரிசுதான் டாக்டர்" என்றேன். "நீங்க கையெழுத்து போடுங்க."

அக்கா